ஹேசல்மார்ஷ் ஆயா

தவக்காலத்தின் இரண்டாவது ஞாயிறு அன்று, தமிழ்ப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தை வழக்கமான அறிவிப்புகளை வாசித்தார். இரண்டு கல்யாணங்கள், சிலுவைப்பாதை நேரம், மின்விசிறி பழுது பார்க்க நன்கொடை. பிறகு கைப்பேசியை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. இங்கிலாந்துல ஹேசல்மார்ஷ்னு ஒரு சின்ன ஊரு. அங்கருந்து நோரான்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க. நம்ம பெங்களூர் கன்டோன்மென்ட்லருந்து 1911-ல ஒரு ஆயா, கேப்டன் வீட்டுக் கொழந்தையப் பாத்துக்க கப்பல்ல போயிருக்காங்க. தமிழ்க்காரங்க, நம்ம சபை. அவங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு தேடறாங்க. தெரிஞ்சவங்க வந்து நம்பர் வாங்கிக்கங்க."

ஜனங்கள் ஏற்கெனவே செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். எலிசபெத் மட்டும் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

எலிசபெத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள், நோயாளி உடுப்புகள் எல்லாம் வெளுத்து வந்து சேரும் பிரிவுக்கு சூப்பர்வைசர். கணவர் இல்லை. மகளை ஓசூரில் கட்டிக் கொடுத்துவிட்டு நீலசந்திராவில் மாடிவீடு ஒன்றில் தனியாக இருந்தாள். அவள் குடும்பத்தில் அப்படி ஒருத்தி இருந்தாள். தாத்தா சின்னப்பனைப் பெற்றவள். ராஜாவுக்கு முடிசூட்டின வருஷம் துரைசானியோடு கப்பலேறினவள். ஆறு வயது சின்னப்பனையும் நாலு வயது சவரியையும் தன் அக்காவிடம் விட்டுவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவள். வரவில்லை. அங்கே பூட்ஸ் போட்டுக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டு சொகுசாக இருக்கிறாள், பெற்றதுகளை மறந்துவிட்டாள் என்று யாரோ ஒரு பட்லர் வந்து அந்த அக்காவிடம் சொன்னானாம். அத்தோடு அவள் கதை முடிந்தது. வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. 'கப்பல்காரி' என்பார்கள். பெண்பிள்ளைகள் எதிர்த்துப் பேசினால், "கப்பல்காரி ரத்தம்" என்பார்கள்.

இருபத்திரண்டு வயதில் எலிசபெத்துக்கு மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸ் வேலை கிடைப்பதாக இருந்தது. அப்பா அப்போது இல்லை. அண்ணன் ஆரோக்கியசாமிதான் அவளை வளர்த்தவர். பாஸ்போர்ட்டுக்கு எடுத்து வைத்திருந்த போட்டோக்களை அவர் கிழித்துப் போட்டார். "நம்ம வூட்ல ஒருத்தி கப்பலேறினது போதும்" என்றார். மூன்று மாதத்தில் கல்யாணம் நடந்தது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அவள் கோயில் காலியாகும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு போய் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

நோரா எழுபது வயதுக்காரி. பள்ளிக்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வீடியோ அழைப்பில் முதலில் அவள் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. பிறகு போனை எதிலோ சாய்த்து வைத்தாள். கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். எலிசபெத்தின் ஆஸ்பத்திரி ஆங்கிலம் இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

ஹேசல்மார்ஷ் ரொம்பச் சின்ன ஊர் என்றாள் நோரா. ஒரு கோயில், ஒரு மதுக்கடை, மூடிப்போன பள்ளிக்கூடம், ஆடு மேயும் வயல்கள், அவ்வளவுதான். ஊரில் ஓய்வு பெற்றவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஊர் வரலாற்றைத் தொகுக்கிறார்கள். யார் எந்த வீட்டில் இருந்தார்கள், யார் எந்தப் போருக்குப் போனார்கள் என்று. கோயில் தோட்டத்துக் கல்லறைகளையும் பாசி தின்பதற்குள் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வடக்குச் சுவர் ஓரம் ஒரு சின்னக் கல் இருக்கிறது. தேய்த்துப் பார்த்தோம். 'ஆயா, பெங்களூர், 1912' என்று மட்டும் இருந்தது. கோயில் பதிவிலும் அவ்வளவுதான். கேப்டன் வீட்டு ஆயா என்று. எங்கள் ஊரில் நாய்க்குக்கூடப் பெயர் வெட்டின கல் ஒன்று இருக்கிறது, எலிசபெத். இதைப் பார்த்தபிறகு எனக்கு மனசு கேட்கவில்லை."

"1912-ஆ?" என்றாள் எலிசபெத்.

"ஜனவரி. அந்த முதல் குளிர்காலத்திலேயே. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல்."

எலிசபெத் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். பூட்ஸ், ரொட்டி, மறந்துவிட்டாள் என்பது வரை எதையும் மறைக்கவில்லை.

நோரா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "அவளைத் திருப்பி அனுப்ப நவம்பரில் கப்பல் டிக்கெட் எடுத்திருந்தார்கள். குழந்தைக்குக் கக்குவான் வந்தது. வசந்தம் வரட்டும் என்று கேப்டனின் மனைவி அவளை நிறுத்தி வைத்துவிட்டாள். என் பாட்டி ஏடா அந்த வீட்டில் சமையலறைப் பெண். பதினாறு வயது. அவள் சொல்லித்தான் எங்களுக்கு இதெல்லாம் தெரியும். ஆயா ஞாயிற்றுக்கிழமை ஆனால் வயல்வழியே நடந்து பக்கத்து ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போவாளாம். அதனால்தான் உங்கள் கோயில்களுக்கு எழுதினேன்."

"அப்ப அவங்கதான்" என்றாள் எலிசபெத்.

"அவசரப்பட வேண்டாம்" என்றாள் நோரா. "அந்தக் காலத்தில் எத்தனையோ ஆயாக்கள் கப்பலேறினார்கள். எல்லாம் ஒத்துப்போகிறது என்பது வேறு, இவள்தான் அவள் என்பது வேறு. தப்பான பெயரைக் கல்லில் வெட்டினால், பெயர் இல்லாததைவிட மோசம். உங்கள் வீட்டில் அவளுக்கு என்ன பெயர்?"

எலிசபெத்துக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பெயர் தெரிந்த ஒருவர் இருந்தார். தாத்தா சின்னப்பன் சாகும்போது பக்கத்தில் இருந்தவர் ஆரோக்கியசாமி மட்டும்தான்.

அண்ணன் வீடு தொம்மலூரில், ஐ.டி. கட்டடங்களுக்குப் பின்னால் இன்னும் பழைய கிராமமாகவே இருக்கும் சந்தில். அரசுத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எலிசபெத் போனபோது வாசலில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.

"யாரோ ஒரு வெள்ளக்காரி சொல்றா, நீயும் நம்பிக்கினு வந்துட்ட."

"ஏன் பொய் சொல்லப் போறாங்க? அவங்களுக்கு என்ன லாபம்ண்ணா?"

"பொய்யின்னு சொல்லல. அங்க செத்தது வேற எவளோ. நம்மாளு நல்லாதான் இருந்திருப்பா."

"அது எப்டித் தெரியும் உனக்கு?"

ஆரோக்கியசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். "தாத்தாவ எனக்குத் தெரியும். நீ சின்னப் பொண்ணு. எழுவது வயசுலயும் அந்த மனுசன் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு வாரம் சரியா துன்ன மாட்டாரு. ரயில் டேஷனுக்குப் போய் சும்மனே நிப்பாரு. கேட்டா, காத்து வாங்க வந்தேன்னுவாரு. சவரி பத்துப் பதினோரு வயசுல விஷக் காய்ச்சல்ல போச்சு. அதுக்கும் அவ வரல. இப்ப வந்து, இல்லப்பா, அவ அப்பவே செத்துட்டா, பாவம்னு சொன்னா, அவரு பட்டதெல்லாம் இன்னாத்துக்கு? சும்மாவா?"

எலிசபெத்துக்குச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருந்தது. முப்பது வருஷமாகச் சொல்லாதது.

"என்னை மஸ்கட் போக வுடாம நிறுத்தினது அவங்கள சொல்லித்தான். அவங்க ஓடிப்போகலன்னா, நான் ஏன் இங்கியே உக்காந்தேன்?"

அவர் மிக்ஸியின் அடிப்பாகத்தைத் திருப்பினார். ஒரு சின்னத் திருகாணி உருண்டு படிக்குக் கீழே போனது. இருவரும் அதைத் தேடவில்லை.

"பேரு மட்டும் சொல்லுண்ணா."

"வாணாம். அந்தப் பேர தாத்தா எங்கிட்ட ஒரு தபா சொன்னாரு. இன்னொருத்தர் கிட்ட சொல்லுன்னு சொல்லல."

அண்ணி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தாள். எலிசபெத் பாதி குடித்துவிட்டு எழுந்தாள்.

அடுத்த அழைப்பில் நோராவிடம், தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். நோரா ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. இப்படித்தான் பல தேடல்கள் பாதியில் நிற்கும் என்றாள். ஆட்டுக்காரர் ஒருவருடைய தாத்தாவைத் தேடி ஒன்பது வருஷமாகிறது, இன்னும் கிடைக்கவில்லை என்றாள். பிறகு, பேச்சு முடியப் போகிற சமயத்தில், சும்மா சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஏடா பாட்டியை ஊரே கேலி செய்யும், தெரியுமா? அவள் குழந்தைகளைத் தொட்டியில் குளிப்பாட்ட மாட்டாள். தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, குழந்தையைக் கால் மேல் கிடத்திக்கொண்டு குளிப்பாட்டுவாள். ஆயாவிடம் கற்றுக்கொண்டது. என் அம்மாவும் அப்படித்தான். நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் குளிப்பாட்டினேன். ஊரில் இன்னும் நாலைந்து வீடுகளில் அந்தப் பழக்கம் இருக்கிறது."

எலிசபெத் சிரித்தாள். "நாங்களும் அப்படித்தான்."

"அதோடு ஒரு உளறலும் உண்டு. தண்ணீர் ஊற்றும்போது சொல்வது. அர்த்தம் யாருக்கும் தெரியாது. 'சின்' என்று முகவாயும், 'பான்' என்று வாணலியும், 'சேவரி' என்று ஏதோ காரத் தின்பண்டமும் வரும், சாப்பாடு சம்பந்தப்பட்டது என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்." நோரா கையில் குவளை இருப்பதுபோல வைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்லும் ராகத்தில் சொன்னாள்.

"காலுக்கோனா, கைக்கோனா, கன்னமூடு, தாலைக்கோனா. சின்-அ-பான் கோனா, சேவரி கோனா."

எலிசபெத்தின் முதுகு நிமிர்ந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா."

நோரா சொன்னாள். முகவாய் வரும் இடத்தில் தன் முகவாயைத் தொட்டுக் காட்டினாள்.

எலிசபெத்துக்கு முதல் நான்கும் தெரியும். தாத்தா அவளைக் குளிப்பாட்டும்போது சொன்னவை. காலுக்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணு, கண்ண மூடு, தலைக்கு ஒண்ணு. சோப்பு நுரை கண்ணில் இறங்காமல் அவர் உள்ளங்கையால் நெற்றியில் அணை கட்டுவார். ஆனால் தாத்தாவின் பாட்டு அங்கேயே முடிந்துவிடும். பின்னால் வந்த இரண்டையும் அவள் கேட்டதே இல்லை. முகவாயும் இல்லை, வாணலியும் இல்லை, சாப்பாடும் இல்லை.

"நோரா, அது பேருங்க" என்றாள். "சின்னப்பனுக்கு ஒண்ணு. சவரிக்கு ஒண்ணு. அவங்க விட்டுட்டு வந்த பிள்ளைங்க."

நோராவின் முகம் திரையில் அசையாமல் நின்றது. இணைப்பு போய்விட்டதோ என்று எலிசபெத் நினைத்தாள். அப்புறம்தான் நோரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவது தெரிந்தது.

"நூறு வருஷத்துக்கு மேலாக எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் தண்ணீர் ஊற்றுகிறோம்" என்றாள்.

அதைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, மறுநாள் வேலை முடிந்ததும் எலிசபெத் நேராகத் தொம்மலூருக்குப் போனாள். வழக்கமாக ஏறும் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, ஆட்டோ பிடித்தாள்.

ஆரோக்கியசாமி டி.வி. முன்னால் இருந்தார். அவள் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, போனை அவர் காதருகே பிடித்தாள். நோராவின் குரல், வாயில் உருளைக்கிழங்கு போட்டதுபோன்ற அந்தத் தமிழ், ஒரு முறை ஓடி முடிந்தது.

அவர் போனைக் கையில் வாங்கினார். எப்படி மறுபடி போடுவது என்று தெரியாமல் திரையைத் தடவினார். எலிசபெத் போட்டுக் கொடுத்தாள். மூன்று முறை கேட்டார். அண்ணியும் வந்து நின்றாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது இந்தம்மாக்கு?" என்றார்.

"அவங்க பாட்டி. அந்தப் பாட்டிக்கு நம்ம கொள்ளுப்பாட்டி."

"நீ சொல்லலியே? சின்னப்பன், சவரின்னு நீ பேச்சுவாக்குல எதுவும்…"

"தாத்தா பேரு நான் சொல்லவே இல்ல. சவரி பேரும் சொல்லல. ரெண்டு பிள்ளைங்கன்னு மட்டும்தான் சொன்னேன். எனக்கே தெரியாதுண்ணா அந்தக் கடைசி ரெண்டும். தாத்தா தலைக்கு ஒண்ணுன்னதோட நிறுத்திடுவாரே."

"நிறுத்த மாட்டாரு." ஆரோக்கியசாமியின் குரல் இறங்கிவிட்டது. "நீ கண்ண மூடிக்கினு இருப்ப, உனக்கெப்படித் தெரியும்? தலைக்கு ஒண்ணுன்னு சொல்லி ஊத்திட்டு, அப்புறம் இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துவாரு. பேச மாட்டாரு. எனக்கும் அப்டித்தான், உனக்கும் அப்டித்தான். பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். ஏன் தாத்தா, அது எதுக்குன்னு கேட்டா, சோப்பு போறதுக்குன்னுவாரு."

அவர் எழுந்து வெளியே போனார். சந்தில் யாரோ வண்டியை நிறுத்த இடமில்லாமல் கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தச் சண்டையைப் பார்ப்பதுபோல வெகுநேரம் நின்றார். எலிசபெத் அவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தாள். அண்ணி, "இன்னிக்கி வுட்டுடும்மா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆரோக்கியசாமி தானாக நீலசந்திராவுக்கு வந்தார். மூட்டுவலி வந்தபிறகு அவர் அந்த மாடிப்படி ஏறியதில்லை. நடுவில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறி வந்தார். சவரம் செய்து, கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார்.

"அந்தம்மாக்குப் போன் போடு" என்றார்.

நோரா திரையில் வந்ததும் அவர் கும்பிட்டார். நோராவும் கும்பிட்டாள். அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர் முதலில் கேட்டது, அந்தக் கல் இருக்கும் இடத்தில் மழைத்தண்ணீர் தேங்குமா என்பது. தேங்காது, அது மேட்டில் இருக்கிறது என்றாள் நோரா. வெயில் வருமா என்றார். காலையில் கொஞ்சம் வரும் என்றாள். அடக்கத்துக்கு யார் போனார்கள் என்று கேட்டார்.

"ஏடா போனாள். சமையல்காரி போனாள். அந்தக் கல்லையே ஏடாதான் வற்புறுத்தி வைக்கச் சொன்னாளாம். வீட்டில் ஆயாவை எல்லாரும் மேரி என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவள் சொந்தப் பெயர் இல்லை என்று ஏடாவுக்குத் தெரியும். ஆனால் உண்மையான பெயர் வாயில் நுழையவில்லை என்றாள். தப்பாக வெட்டக் கூடாது என்று ஆயா என்றே விட்டுவிட்டார்களாம்."

எலிசபெத் இதைத் தமிழில் சொன்னாள். ஆரோக்கியசாமி சற்று யோசித்தார்.

"நல்ல பொண்ணு" என்றார். பிறகு, தங்கையைப் பார்க்காமல், போனைப் பார்த்துச் சொன்னார். "ஞானப்பூ. அவங்க பேரு ஞானப்பூ."

எலிசபெத் அந்தப் பெயரை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டாள். வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நோரா சொல்ல முயன்றாள். நானப்பூ என்றாள். கானப்பூ என்றாள். ஆரோக்கியசாமி ஒவ்வொரு தடவையும் பொறுமையாகத் திருத்தினார். மூக்கைத் தொட்டுக் காட்டினார். நாக்கை மேலே ஒட்டச் சொன்னார். ஏழாவதோ எட்டாவதோ முயற்சியில், "ஞானப்பூ" என்று சரியாக வந்தது. அவர் பெருமையாகத் தலையை ஆட்டினார்.

பேசி முடித்தபிறகு எலிசபெத் மத்தியானத்துக்கு வைத்த குழம்பைச் சூடாக்கினாள்.

"தாத்தாவ வளத்த பெரியம்மா ஏன் அவங்க மறந்துட்டாங்கன்னு சொன்னாங்க?" என்று கேட்டாள். "யாரும் எழுதியே போடலியா, இல்ல தெரிஞ்சேதான் மறைச்சாங்களா?"

"தெரியல. செத்துட்டான்னு ரெண்டு கொழந்தைங்க கிட்ட சொல்றதுக்கு பயந்து, வருவான்னு சொல்லிக்கினே இருந்து, அப்புறம் கோவத்துல ஒண்ணு சொல்லிருக்கலாம். இல்ல பட்லரே கத கட்டிருக்கலாம். அது இனிமே யாருக்கும் தெரியாது."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவர் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "அந்தம்மா உன்ன வரச் சொன்னாங்களே."

"வரச் சொன்னாங்க. விசா எடுக்கணும், டிக்கெட்டு எடுக்கணும். பாக்கணும்."

"போனா நல்ல ஸ்வெட்டரா எடுத்துக்கோ. சிவாஜிநகர்ல வாங்காத. ஒரு தோய்ப்புல சுருங்கிடும்."

எலிசபெத் சரி என்றாள். வேறு ஏதாவது சொல்வார் என்று சற்றுக் காத்திருந்தாள். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, படி இறங்கத் தொடங்கினார். அவள் முன்னால் இறங்கி, அவர் கைக்குத் தோளைக் கொடுத்தாள்.

புதிய எழுத்துகளைப் பழைய கல்லிலேயே, ஆயா என்பதற்குக் கீழே வெட்டுவது என்று ஊர்க்காரர்கள் முடிவு செய்தார்கள். தமிழில் வெட்ட வேண்டும் என்பதில் ஆரோக்கியசாமி உறுதியாக இருந்தார். ஹேசல்மார்ஷின் கல்தச்சர் தமிழ் எழுத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு பலகைக்கல்லில் வெட்டிப் பார்த்துப் படம் அனுப்பினார். 'ஞ' சரியாக வரவில்லை. உள்ளே சுழிந்து போக வேண்டிய கோடு பாதியில் நின்று, வேறு ஏதோ எழுத்துப் போல இருந்தது.

ஆரோக்கியசாமி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், ஒரு தாளுக்கு ஒரு எழுத்தாக, பெரிதாக எழுதினார். ஃபிட்டர் வேலையில் வரைபடம் போட்டுப் பழகிய கை அது. கோடு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்று சிவப்புப் பேனாவில் அம்புக்குறி போட்டார். எலிசபெத் ஒவ்வொன்றையும் படம் பிடித்து அனுப்பினாள். கல்தச்சர் இரண்டாவது முறை பழகிப் பார்த்தார், மூன்றாவது முறையும் பழகிப் பார்த்தார். பிறகுதான் கல்லில் கை வைத்தார்.

ஜூன் மாதம் நோரா படம் அனுப்பினாள். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது போலிருக்கிறது. கல் நனைந்து கறுத்திருந்தது. புதிதாக வெட்டிய எழுத்துகள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஐந்தாறு பேர் நின்றார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது.

ஆரோக்கியசாமி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். முதல் எழுத்தின் வளைவைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து, மேலிருந்து கீழாகச் சோதித்துப் பார்த்தார்.

"நல்லா வெட்டிருக்கான்" என்றார்.